ஃப்ரிட்ஜில் இருப்பது பேஸ்ட் இல்லை

காலையில் தறிக்கூடத்துக்குக் கிளம்பும்போது முனிரத்தினம் மனைவியிடம் கேட்டான்: "ரெண்டு புள்ள பெத்தாச்சு. இனிமே பல்லை வெளுத்துக்கினு யாருக்குக் காட்டப் போற?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் லோகேஸ்வரியின் பற்களில் பழுப்பு ஏறியிருந்தது. பல் டாக்டர் சொன்னபடி வீட்டிலேயே மருந்து போட்டு வருகிறாள். இன்று அரக்கோணம் போய் அவரிடம் காட்ட வேண்டும். புறப்படுமுன் கணவனுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"பாவா, சாம்பார் அடுப்பு மேல இருக்குது. அப்பளம் டப்பாவுல. ஃப்ரிட்ஜில தயிர் பக்கத்துல இருக்கிற ட்யூப் பேஸ்ட் இல்ல, என் பல்லு மருந்து, தொடாதீங்க. பல்லு கூசினப்போ டாக்டரைக் கேட்டு நிறுத்தினேன், அவர் சொன்னப்புறம்தான் திரும்பப் போட்டேன். பயப்படாதீங்க.

யாருக்குன்னு கேட்டீங்களே, எனக்குத்தான். இத்தனை வருஷமா சிரிப்பு வந்தா கை தானா வாயை மூடப் போவும். நேத்து காய்கறிக்காரம்மா பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். கை போவல."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நம்ம கல்யாண போட்டோ ஒண்ணுலகூட நான் சிரிக்கல. சாயங்காலம் அரக்கோணம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்கு வாங்க. இன்னொண்ணு எடுத்துக்கலாம். உங்க நீல சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்."

சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டு அவள் வந்து சேருமுன்பே, முனிரத்தினம் படிய வாரிய தலையோடு ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தான்.