தூக்கிப் பார்க்காத எடை

துபாய், வெள்ளிக்கிழமை

அப்பாவுக்கு மாதவராஜின் வணக்கம். முட்டிவலி தேவலையா?

எங்கள் ஓட்டலில், எந்த நாட்டின் பொருளாதாரம் வலியது என்று அளக்கும் மேதைகள் கூடினார்கள். அவர்களின் அறிக்கைப் பெட்டியைச் சுமந்தபோது படியில் வழுக்கி விழுந்தேன். கையில் லேசான சுளுக்குதான். அவர்களில் ஒரு கோட்டுக்காரர் குனிந்து எனக்கு எந்த நாடு என்று கேட்டார். “இந்தியாவா? இரண்டு இடம் முன்னேறியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்!” என்று என்னைத் தாண்டிப் போனார். என்னைத் தூக்கிவிட்ட, கூட வேலை செய்யும் அரூர் தமிழ்ச்செல்வன், “கையப் பாக்காம ரேங்க் சொல்லிட்டுப் போறான் பாருடா” என்றான்.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்க்காமல் நீங்கள் எடை சொன்னதுண்டா? இவர்கள் எதையும் தொடுவதே இல்லை. அந்தத் தடித்த அறிக்கை என் கைக்கு முட்டுக்கொடுக்கத்தான் லாயக்கு.

ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் சுளுக்குத் தைலம் கொடுத்தனுப்புங்கள். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. நம் கருப்பு ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பார்த்து எடை எழுதுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவேன்.