தங்கச்சிக்கு இன்னும் பெயரில்லை

திங்கள், 8 மார்ச் 2004
மழை. ஹீட்டர் மேல் குழந்தைத் துணிகள், இன்னும் ஈரம். தங்கச்சி பிறந்து இன்று இருபத்தைந்தாம் நாள்.

பதிவு அலுவலகத்துக் கடிதம் மேசையில். வெள்ளிக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். அம்மாவோ முப்பத்தோராம் நாள் பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்து, காதில் மூன்று தரம் சொன்ன பிறகுதான் பெயர் என்கிறார். அது ஞாயிறு!

அப்பா: "ஜெர்மன்காரனுக்குத் துடக்கு விளங்குமே?"

அம்மா: "விளங்காட்டி இருக்கட்டும். முதல் முதல் பிள்ளையின்ர காதுதான் கேக்கோணும்."

பெயர் அம்மாவின் மனதுக்குள் மட்டும். எங்களுக்கே சொல்லவில்லை.

செவ்வாய்
நூலகம். நாளை மெய்யியல் வகுப்பில் நான் பேச வேண்டும்: பழைய கிரேக்கர் பெயர்களைப் பற்றி நினைத்தவை.

- சிலர்: பெயர் பொருளோடு இயற்கையாகவே பொருந்துவது. (அம்மா!)
- சிலர்: மனிதர் கூடி உடன்பட்டால் எதுவும் பெயர்தான். (அப்பா!)
- ஒருவர்: எல்லாம் ஓயாமல் மாறும்போது எந்தச் சொல் நிலைக்கும்? கடைசியில் பேச்சை விட்டு விரலை மட்டும் அசைத்தாராம். இவரை மிகவும் பிடித்திருக்கிறது.

புதன்
பேசினேன். தங்கச்சியை உதாரணம் காட்டினேன். பக்கத்து மேசை லேனா கையை உயர்த்தினாள்: "அதுவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?"

"குஞ்சு."

"பிறகென்ன? எல்லாரும் உடன்பட்டாயிற்று, அதுதான் பெயர்!"

வகுப்பே சிரித்தது. நானும். அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வியாழன்
வெயில்! பின்னேரம் நால்வரும் அலுவலகத்தில். பெயர் எழுதி மடித்த தாள் அம்மாவின் பொத்திய கைக்குள்.

அப்பா அம்மாவிடம்: "தாருமப்பா, எங்கட முறை வந்திட்டுது."

அம்மா: "அந்த அதிகாரி மனுசி சத்தமா வாசிச்சால்?"

அப்போதுதான் விரல்காரர் நினைவு. "வாசிக்க வேண்டாமெண்டு நான் சொல்லுறன், அம்மா."

அதிகாரியிடம் ஜெர்மனில் சொன்னேன். குழந்தையின் காது முதலில் கேட்க வேண்டும் என்பதையும். அதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கி, தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிப் பதிந்து, வாயே திறக்காமல், ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முத்திரை.

வெளியே அப்பா: "சரியான ஊமைக் கூத்து." அம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

பெயர் எனக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிறுவரை இங்கேகூட எழுதமாட்டேன்.

ஞாயிறு
மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. வீடெல்லாம் வடை மணம். அம்மா குனிந்து, காதில், மூன்று தரம். தங்கச்சி கொட்டாவி விட்டாள்.

லேனாவுக்குப் பதில்: குஞ்சு என்பது நாங்கள் கூப்பிட வைத்துக்கொண்டது. இந்தப் பெயரையோ தங்கச்சியிடமே முதலில் கொடுத்தோம்.

ஆரபி. ஆரபி. ஆரபி.