வெரோனிகா அக்காவின் நாலு ஸ்குரு

புந்தோங்,
சனிக்கிழமை

அன்புள்ள வெரோனிகா அக்காவுக்கு, உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி குமுதா வணக்கத்தோடு எழுதுவது.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விமலா முந்திக்கொண்டு, கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுவாள். வியாழக்கிழமை ஆபீஸ் அறையில் இஞ்சினியர் தம்பி முன்னால் ஓவென்று அழுதேன். கையில் இருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அது மோட்டார் துடைக்கிற துணி. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு சின்னப் பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துவிட்டு அம்மா மடியில் ஒளிந்துகொண்டது.

கை எப்படி இருக்கிறது? இரண்டு மணிக்கட்டிலும் ஆப்பரேஷன் முடிந்த ஆள் போனை நோண்டக்கூடாது என்று மிஷெல் பிடுங்கி வைத்துக்கொண்டது நியாயம்தான். அதனால்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் லோரியில் கமுந்திங் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மிஷெல், நீதான் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாய் என்றால் ஒரு வரியையும் விழுங்காதே. அம்மா திட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்.

அந்த இடம் இதுதான். அக்கா, நான் சொல்லிவிட்டேன்.

மிஷெலுக்குக் கதை தெரியாது, அதனால் முதலிலிருந்து வருகிறேன். எங்கள் லைனில் மேசைக் காற்றாடி பெல்ட்டில் ஊர்ந்து வரும். நான் வயரை இணைத்துத் தள்ளுவேன். உன் அம்மா மோட்டாரில் நாலு ஸ்குரு முடுக்குவார். அடுத்து விமலா பின்பக்க வலையை மாட்டுவாள். போன தீபாவளிக்கு அப்புறம் உன் அம்மாவுக்குக் கை மரத்துப்போய், பாதி ஸ்குரு தரையில்தான் கிடந்தது. அதனால் இரண்டை நான் முடுக்கி அனுப்பினேன், ஒன்றை விமலா பார்த்துக்கொண்டாள். உன் அம்மாவுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. அதையும் ஜெபம் சொல்லிக்கொண்டேதான் முடுக்குவார். மேலே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, அந்தோணியார் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் என் கோயில் சாமி இல்லை, கண்டுகொள்ள மாட்டார் என்று நானும் தாராளமாகச் செய்து கொடுத்தேன்.

அப்புறம்தானே யுகேந்திரன் வந்தார், அக்கா. கையில் கடிகாரத்தோடு நம் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த இஞ்சினியர் தம்பி. லைனைச் சமப்படுத்த வேண்டுமாம். ஒருத்தர் முன்னால் சாமான் குவியக்கூடாது, இன்னொருத்தர் சும்மா உட்காரக்கூடாது, எல்லார் வேலைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்க வேண்டும். அவர் அளந்த அன்று உங்களைக் காப்பாற்ற நானும் விமலாவும் பேய் பிடித்த மாதிரி முடுக்கினோம். யாருடைய ஸ்குருவை யார் முடுக்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, அவர் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் திணறுகிறோம், நடுவில் நீங்கள் ராணி மாதிரி காற்று வாங்குகிறீர்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் புதுத் திட்டம் வந்தது. நாலு ஸ்குருவோடு பின்பக்க வலையும் உங்கள் நாற்காலிக்கே. உங்கள் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்த பத்துமலை அண்ணன் நல்ல கைக்காரர்தான், அவரே மூழ்கிப்போனார். அவர் முன்னால் காற்றாடி குவிந்து கிடக்கிறது. அவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேலை வராமல் நகம் கடிக்கிறார்கள், இந்தப் பக்கம் நான் கொட்டாவி விடுகிறேன். "அந்த அக்கா மனுஷியா மெஷினா லா? எப்படித்தான் உக்காந்து செஞ்சாங்களோ!" என்று அண்ணன் கேட்டபோது நான் குனிந்து தரையில் இல்லாத ஸ்குருவைத் தேடினேன்.

அதைவிட மோசம், கெர்ட்ரூட் சூப்பர்வைசர் சொன்னது. "திட்டம் சரிதான். வெரோனிகா வரட்டும், அந்தச் சீட்ட அவங்களாலதான் சமாளிக்க முடியும்" என்று முடித்துவிட்டார். பார்த்தீர்களா? நாம் ஒளித்து வைத்த வலி, இரண்டு ஆள் வேலையாக உங்களுக்கே திரும்பி வந்து நின்றது. அறுத்துத் தைத்த கையோடு நீங்கள் அதில் உட்காருவதை நினைத்தேன், நேராக ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நான் அளந்ததெல்லாம் பொய்யா, அக்கா?" என்றார். "நீங்க சரியாத்தான் அளந்தீங்க தம்பி, நாங்கதான் பொய்யி" என்றேன். அந்த இடத்தில்தான் அழுகையும் துணியும். அங்கேயே இருந்த கெர்ட்ரூட், "என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன புலியா?" என்று கேட்டார். நான் துணியை மடித்தேன். பின்னால் வந்து நின்ற விமலா இன்னும் ஓர் அடி பின்னால் போனாள்.

நேற்று மறுபடியும் அளந்தார்கள், இந்த முறை அவரவர் வேலையை அவரவர் செய்து. ஒரு ஸ்குரு இனிமேல் சட்டப்படி என்னுடையது, மிச்சம் பத்துமலை அண்ணனுக்கு, வலை பழையபடி விமலாவுக்கு. சாயந்தரம் பெல்ட் ஓடிய அழகைப் பார்க்க வேண்டுமே! யார் முன்னாலும் குவியல் இல்லை.

உங்களுக்கு இடம் இருக்கிறது, அக்கா. கடைசியில் காற்றாடியை ஓட்டிப் பார்க்கிற இடம். அங்கே இருந்தவர் ஸ்டோருக்கு மாறுகிறார். ஒரு விரலால் சுவிட்சை அமுக்கி, ஆட்டம் இருக்கிறதா, சத்தம் சரியா என்று கவனித்தால் போதும். "அவங்களுக்குக் காது எப்படி?" என்று தம்பி கேட்டார். "சர்ச்சில பின் வரிசையில ஒருத்தன் சுருதி தப்பினா, முன்னால இருந்து திரும்பி மொறைக்கிற ஆளு லா" என்று கெர்ட்ரூட்டே சொன்னார். மேனேஜரும் சரி சொல்லிவிட்டார். டாக்டர் விடும்போது வந்தால் போதுமாம். இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, என் உடம்பைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நேற்றுக் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மீ கோரிங் நூடுல்ஸை என் வீட்டுக்காரர் பங்கோடு சேர்த்துச் சாப்பிட்டேன்.

சத்தியத்தை மீறியதற்கு அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் கோபம்தான் பாக்கி. வந்து திட்டுங்கள். இனி எட்ட உட்காருவீர்கள், அதனால் சத்தமாகவே திட்டுங்கள். பத்துமலை அண்ணன் நல்லவர்தான். ஆனால் வேலை செய்யும்போது ஜெபம் சொல்ல மாட்டார். லைன் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

கை நன்றாக ஆறட்டும். ஆறியதும் வந்துவிடுங்கள், அக்கா.

என்றும் உங்கள்,
குமுதா

பி.கு.: எழுத்து பெரிதாகவும் வரி கோணலாகவும் இருப்பதற்கு மன்னிக்கவும். நேற்றுப் பெட்டி கட்டுகிற இடத்தில் ஆள் இல்லை என்று கொஞ்ச நேரம் நின்றேன். வேர்த்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அது இப்போது ஒரு காற்றாடியோடு குவாந்தானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் மேல் 'உள்ளே இருப்பவை சரிபார்க்கப்பட்டன' என்ற சீட்டை ஒட்டியதும் நான்தான்.