பதினான்காம் எண் பிரதி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு இடது முழங்கால்தான் படியேறும்போது பிடித்துக்கொள்கிறது. டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவள் தடவுவதில்லை. அங்கே உன் வேலை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். உறை கனமாக இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்பட ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்த பதினோரு பக்கங்களைத் தனியாக மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். அவற்றை இப்போது பிரிக்காதே, முதலில் இதைப் படி. உன்னிடம் ஒரு சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

இங்கே வெயில் ஆளை வறுத்தெடுக்கிறது. எங்கள் பதிப்பகம் இன்னும் அதே மாடியறையில்தான், கீழே கண்ணாடி வெட்டும் கடை. மின்விசிறியைப் போட்டால் திருத்த வேண்டிய தாள்கள் பறக்கின்றன, நிறுத்தினால் முழங்கையில் ஒட்டிக்கொள்கின்றன. போன வாரம் ஒரு கவிதையின் கடைசி இரண்டு வரிகள் வியர்வையில் என் கையில் பதிந்துவிட்டன. எங்கள் வடிவமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதைவிட இங்கே நன்றாக இருக்கிறது என்றார். நாங்கள் இன்னும் மூன்றே பேர்தான். அட்டையும் பக்கமும் பார்க்கும் அந்த வடிவமைப்பாளர், நான், பிறகு பதிப்பாளர். பதிப்பாளருக்கு நாங்கள் இருவரும் ரகசியமாக வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் ஒரு காற்புள்ளியாவது போடாமல் திருப்பித் தரமாட்டார்.

மூன்று பேர் என்றாலும் இந்தக் கோடையில் நான்கு புத்தகங்கள் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு கோடையிலும் அச்சுக்குப் போகும் முன் எழுத்தாளரைக் கூப்பிட்டு வாசகர்கள் முன்னால் வாசிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். கேட்பவர்கள் எங்கே நெளிகிறார்கள், எங்கே நிமிர்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பதிப்பாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பிரதி முடிவாகும். இந்த வருடம் நான்காவது எழுத்தாளர் வெளியூரில் இருப்பதால் மூன்றே மாலைகள், நூலகத்தின் படிப்பறையில். முதல் மாலை ஒரு கால்நடை மருத்துவரின் கதைகள். குடும்பத்தோடு வந்திருந்தார். வீட்டில் பலமுறை கேட்டிருப்பார்கள் போல, அவர் சிரிப்பு வரும் இடத்தை எட்டுவதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். இரண்டாவது மாலை ஒரு கவிஞர். ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனது, அதன் பிறகு அவர் வாசித்ததுதான் நன்றாக இருந்தது.

மூன்றாவது மாலை வாசித்தது நம் அம்மா.

திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். தபாலில் வரும் பிரதிகளின் முதல் தாளை, பெயரும் முகவரியும் இருக்கும் தாளை, வடிவமைப்பாளர் உருவித் தன் இழுப்பறையில் பூட்டிவிடுவார். பிரதிக்கு ஓர் எண் மட்டும் போடுவார். தெரிந்தவர், வேண்டியவர் என்று யாருக்கும் சலுகை போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. படித்துவிட்டுக் குறிப்பு எழுதுவது என் வேலை. அதிலும் என் பெயர் இருக்காது. இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாக அளந்திருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவினாள்.

போன வருடக் கடைசியில் பதினான்காம் எண் பிரதி வந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணின் நினைவுகள். இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றவளின் மகளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அம்மா எழுதுவாள் என்பதே என் நினைப்பில் இல்லை. எத்தனையோ நாவல்களில் எத்தனையோ அம்மாக்களைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். சமையலறையில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்ததை மட்டும், ஏதோ சாமான் பட்டியல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

குறிப்பை நறுக்கென்று எழுதினேன். வேலையைப் பற்றிய பகுதிகள் அருமை, நீராவியும் சலவைச் சோடாவும் மூக்கில் ஏறுகின்றன என்று பாராட்டிவிட்டு, அடுத்த பத்தியில் இப்படி எழுதினேன்: மூத்த மகள் வரும் பக்கங்களில் உயிர் இல்லை. எப்போதும் சிரிக்கிறாள், எதற்கும் சம்மதிக்கிறாள். இப்படி ஒரு பெண் உலகத்தில் கிடையாது. ஆசிரியர் எதையோ மறைக்கிறார். அதை எழுதத் துணிந்தால் மீண்டும் அனுப்பலாம்.

அந்தக் குறிப்பு, அம்மா தன் பிரதியைத் தட்டச்சு செய்யக் கொடுத்த கடையின் முகவரிக்குப் போயிருக்கிறது. அம்மா அங்கேதான் வாங்கிக்கொண்டாள். சில நாட்கள் கழித்து, உங்கள் ஆபீசில் புத்தகத்துக்குக் குறை சொல்வது யார் என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் என்று மழுப்பினேன். அதில் ஒருத்திக்கு வாய் கொஞ்சம் நீளம் போல என்றாள். ஏன் கேட்கிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே எண் திரும்பி வந்தது, முன்பைவிடத் தடிமனாக. ஹோட்டல் ஆஸ்பத்திரி ஆகியிருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் பிரதியை நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும், பதிப்பாளர் எதிரே பென்சிலோடு உட்கார்ந்து இன்னொரு நகலில் கண்ணை ஓட்டுவார். முதல் ஆறு அத்தியாயங்களிலேயே இந்தக் குரலை எங்கேயோ கேட்டதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஏழாவதில், விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் அந்தப் பெண்ணின் வலது கை சிக்கிக்கொள்கிறது. கை ஆறும்வரை வீட்டிலிருந்து யாராவது வந்து நிற்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மூத்தவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர வேண்டிய தேதியும் வந்திருக்கிறது. அம்மாக்காரி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லூரிக்கு வேண்டாம் என்று இடது கையால் எழுதிப் போட்டுவிடுகிறாள். அம்மாவின் விடுப்புக் கடிதத்தைக் கொடுக்கப் போன இடத்தில், கண்காணிப்பாளர் வாயால்தான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது. "திங்கக்கிழமையிலேர்ந்து நீதான் வர்றியாமே?"

அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது.

பதிப்பாளர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா நிறுத்திட்டே? அங்க காற்புள்ளிகூட இல்லையே" என்றார். இது எங்கள் அம்மா எழுதியது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயரைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்ததுதானே, வழக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை, மிச்சத்தையும் வாசி என்றார். வாசித்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நீயாக விரும்பித்தான் வேலைக்குப் போனாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். நீயும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் பிரதியைச் சமையலறை மேசையில் வைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அந்த வாய் நீளமானவ நீதானா?" என்றாள். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. என்னிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "நீ படிச்சா அம்மான்னு படிப்பே. எனக்குப் புத்தகம்னு படிக்கிற ஆள் வேணும்" என்றாள். சில வருடமாகப் பிழைப்புக்குப் படிக்கிறேன், இதைவிடத் தெளிவாக ஓர் எழுத்தாளர் பேசிக் கேட்டதில்லை.

அந்த மாலையைப் பற்றி உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், போதவில்லை. சலவைக்கூடத்திலிருந்து பதினைந்து பேர், வேலை முடிந்த கையோடு அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்துவிட்டார்கள். சுவரோரம் வரிசையாக நின்றார்கள், உட்காரச் சொன்னால், நின்றே பழக்கம் என்றார்கள். அம்மா ஒலிபெருக்கியை ஒதுக்கிவைத்தாள். இயந்திரங்களின் சத்தத்துக்கு மேல் பேசிய குரல் அல்லவா, அறையின் கடைசி மூலைவரை போனது. தொடக்கத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்தாள், பிறகு துவைக்க வந்த சட்டைப் பைகளில் அவளுக்குக் கிடைத்தவற்றைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்தாள். ஒரு பால்பல், பாதி எழுதிய விண்ணப்பம், யாரோ ஒரு நோயாளி டாக்டரிடம் கேட்பதற்காக எண் போட்டு எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகள். ஐந்தாவது கேள்வியை வாசித்தபோது முன்வரிசையில் ஒருவர் குனிந்துகொண்டார். பதிப்பாளர் அன்று ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை, அக்கா. பென்சில் அவர் காதிலேயே இருந்தது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர், வாசிப்பது யார் தெரியுமா என்று என்னைக் கேட்டார். வெளியிடங்களில் சொந்த விஷயம் பேசாதவள் நான், உனக்குத் தெரியும். அன்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் கேள்விகள். நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண் எழுந்து, முதலில் வாசித்த பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தார்களே, பிறகு வாசித்ததில் சின்னவள் மட்டும்தானே இருக்கிறாள், பெரியவள் எங்கே என்று கேட்டாள். ஏழாம் அத்தியாயத்தை அம்மா வாசிக்கவில்லை. அதை அச்சில் சேர்க்கவும் கூடாது என்று பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். காரணம் எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அம்மா தாள்களை நேராக அடுக்கி மேசைமேல் வைத்தாள். "அவளைப் பத்தி எழுதியிருக்கேன். ஒரு தடவை அவளைக் கேட்காம முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை கேட்டுட்டுதான்" என்றாள்.

பிறகு சுவரோரத்திலிருந்து உன்னோடு வேலை பார்த்த ஒரு பெண், "பெரியவ மடிச்ச விரிப்பைப் பிரிக்கவே எங்களுக்கு மனசு வராது, அதையும் எழுதியிருக்கியா?" என்று சத்தமாகக் கேட்டாள். அறையே சிரித்தது. எழுதியிருக்கிறேன் என்று அம்மா தலையாட்டினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பது அந்த ஏழாம் அத்தியாயம். இருபத்தெட்டாம் தேதி புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். யாருக்காகவும் ஒருநாள்கூடத் தாமதிக்காத பதிப்பாளர், அந்தப் பதினோரு பக்கத்துக்கு இடம் விட்டே பக்க எண் போடச் சொல்லியிருக்கிறார். நீ சரி என்றால் சேரும். வேண்டாம் என்றால் ஆறுக்கு அடுத்து எட்டாம் அத்தியாயமே ஏழாகிவிடும், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. ஏன் வேண்டாம் என்று உன்னை யாரும் கேட்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பக்கங்களை மட்டும் அனுப்பு, உன் பங்குக்கு ஒன்றும் எழுதாதே, அவளை எந்தப் பக்கமும் தள்ளாதே என்றும் சொல்லியிருந்தாள். அவளே நான்கு முறை உனக்கு எழுத உட்கார்ந்தாள். நான்கு முறையும் 'அன்புள்ள மகளுக்கு' என்பதோடு எழுந்துவிட்டாள். இத்தனை பக்கம் எழுதியவளுக்கு அதற்கு அடுத்த வரி வரவில்லை.

நான் உன்னைத் தள்ளவில்லை. ஆசிரியர் மறைக்கிறார் என்று திமிராக எழுதியவள் நான். மறைத்ததில் பாதி என் புத்தகப் பையும் பள்ளிக்கூடமும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இது நல்ல அத்தியாயம், புத்தகத்திலேயே சிறந்தது, அதைத் தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். ஆனால் அது உன் வாழ்க்கை, பிறர் படிக்க வேண்டுமா என்பது உன் இஷ்டம். அம்மாவின் கை ஆறிய பிறகும் என் படிப்புக்காக ஆறு வருடம் அங்கே நின்றுவிட்டு, இந்தப் பத்து வருடமாக இவ்வளவு தள்ளிப் போய் இருக்கிறவள் நீ. உனக்கு எது நிம்மதியோ அதைச் சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே. நீ ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய், இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். இந்தத் தடவை ஞாயிறுவரை பார்க்காமல், படித்து முடித்த அன்றைக்கே அம்மாவைக் கூப்பிடு. வேண்டாம் என்பதானாலும் அவளிடமே சொல். பதினாறு வருடம் பிந்தித்தான் கேட்டிருக்கிறாள். ஆனாலும் கேட்டுவிட்டாள், அக்கா. வேண்டாம் என்று நீ சொல்வதை அவள் ஒரு தடவையாவது காதால் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ படிக்கவைத்த
உன் தங்கை