மொட்டை பாக்கி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லீவில் வந்து நான்கு நாள். மாடிக் குழாய் கசிகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

கப்பல் பெயரை இங்கேயும் எழுதுவதில்லை. ஒரு ஃபிரிகேட். எண்ணெய்க் கப்பல்களைச் சண்டை நடக்கும் கடலில் காவல் காத்துக் கூட்டிப்போகிற போர்க்கப்பல். நான் எஞ்சின் அறை. போகும்போது அம்மாவிடம், "துணைக்குப் போறோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"துணைக்குப் போறவனுக்கு யாரு நைனா துணை?"

கேட்டதோடு விடவில்லை. நான் முழுசாகத் திரும்பினால் மொட்டை என்று மலைமேல் முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம். தலை என்னுடையது, வேண்டுதல் அவளுடையது. வெள்ளிக்கிழமை மொட்டை.

ஜூன் 4, புதன்

பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தவரை மதியம் நல்ல தூக்கம். கரண்ட் போய்த் தறி நின்றதும் துள்ளி எழுந்து செருப்பைத் தேடினேன்.

"இன்னா, வூடு முழுகுதா?" என் மனைவி கவிதா.

சிரித்து வைத்தேன். பின்னால் வந்த எண்ணெய்க் கப்பல்மேல் ட்ரோன் விழுந்த அன்றும், எங்கள் எஞ்சினை நிறுத்தியபோது இப்படித்தான் சத்தம் நின்றது. தீயணைக்க அதில் ஏறினோம். உள்ளே இருந்த இருவரைக் கொண்டுவர முடியவில்லை. கவிதாவிடம் சொல்லவில்லை. பயம்தான். அதற்காக வேலையை விட முடியுமா?

ஜூன் 5, வியாழன்

கப்பலிலிருந்து போன். லீவு ரத்து. சனிக்கிழமை ரயில்.

வாஷர் மாற்றியாயிற்று. காஸ் பதிவு. மொட்டையையும் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். எதையும் பாக்கி வைத்துப் போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

மலைமேல் நல்ல கூட்டம். தலையில் தண்ணீர் ஊற்றி, கத்தியில் புது பிளேடும் மாட்டியாயிற்று. அம்மா நாவிதரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா, வுடு."

"இன்னாம்மா, வேண்டிக்கினது நீதானே?" என்றேன்.

"ஆங். முழுசா வந்தா தரேன்னு வேண்டிக்கினேன். நீ எங்க வந்துட்ட? பாதியில போற. இப்பவே குடுத்துட்டா அவருக்கு இன்னா கவலை? பாக்கி இருக்கட்டும். வாங்கிக்கறதுக்காவது உன்ன இட்டுகினு வருவாரு."

முருகனிடமே இந்தச் சாமர்த்தியம். நாவிதர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஈரத் தலையோடு இறங்கினேன்.

ஜூன் 7, சனி

அரக்கோணம். ரயில் தாமதம். கவிதா கட்டிக் கொடுத்த புளிசோறு இப்போதே காலி. அம்மா போன்.

"கப்பல்ல முடி வெட்டச் சொன்னா வெட்டிக்கோ. மொட்ட மட்டும் அடிச்சிடாத நைனா. அது சாமியுது. நீயே வந்து குடு."

"ஆங்" என்றேன். ரயில் வந்துவிட்டது.