மனுவில் நான் திக்கற்றவள்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி விண்ணப்பத் தாள் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லி நீட்டினாள். தையல் வேலைக்குப் போகிறவள். தாளின் ஓரத்தில் மிஷின் எண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். உன் வீட்டு வாசம். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

திண்டுக்கல்லில் நாம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த வளவுக்குள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தவள் நீ ஒருத்திதான். மேசை கிடையாது. தையல் மிஷின் பலகையில் தாளை வைத்து ஊராருக்கெல்லாம் மனு எழுதுவாய். யாருடைய மனுவானாலும் அதில் ஓர் எண்ணெய்க் கறை விழுந்திருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி அது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது, மகளுக்கு ஒன்றரை. அதன் பிறகு எனக்கு எத்தனை பெயர்கள்! வளவுப் பெண்கள் "பாவம்" என்று சொல்லி வெஞ்சனம் கொண்டுவந்து வைப்பார்கள். கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்ததும் அந்தச் சொல்லும் போய்விடும். மாமியார் "வக்கத்தவ" என்பார். அது நாள்கணக்கில் உள்ளே கிடந்து உறுத்தும். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் எளியவர்கள் என்று சொன்னால் என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டதுபோல் இருக்கும். சந்தையில் அதே சொல்லின் முகம் வேறு. எளியவன் பெண்டாட்டி எல்லாருக்கும் மைத்துனி என்று ஒருவன் என் காதுபடச் சொல்லிச் சிரித்தான். உன்னிடம் வந்து அழுதேன். நீ கத்தரிக்கோலோடு கிளம்பிவிட்டாய். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

சர்க்கார் தையல் வகுப்பில் இடம் கேட்டு எனக்கு மனு எழுதித் தந்ததும் நீதான். "நாதியற்ற, திக்கற்ற ஏழை விதவையாகிய நான்" என்று ஆரம்பித்தாய். எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க்கா, இம்புட்டுமா எழுதணும்?"

"மனுன்னா அப்பிடித்தாண்டி. நிமிந்து நின்னு கேட்டா எவன் குடுப்பான்? கையெழுத்தப் போடு."

போட்டேன். விசாரணைக்காக அந்த மனு சாணார்பட்டிப் பக்கம் என் புகுந்த ஊருக்குப் போகும் என்பது நம் இருவருக்குமே தெரியாது. அங்கே மணியக்காரர் அதை என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். அவருக்கு ஏற்கெனவே என் மகள்மேல் கண். பிள்ளை அவர் வீட்டில் இருந்தால், அதன் அப்பன் பங்கு நிலமும் அவர் கையில் இருக்கும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, மணியக்காரரிடம் கேட்டு வாங்கிவந்த மனுவை அந்த அண்ணன் எடுத்து நீட்டினார்.

"நாதியத்தவன்னு அவளே எழுதிக் குடுத்திருக்கா. அவகிட்ட என் தம்பி பிள்ளைய எப்பிடி விடுறது?"

தாள் கைமாறிக் கைமாறிப் போனது. இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். அது வலித்து அழுதது. அப்போதுதான் நீ முன்னால் வந்தாய்.

"அத எழுதுனவ நான். கறையப் பாருங்க, என் மிஷின் எண்ணெ. போன வருசம் கெணறு வெட்ட ஒத்தாசை கேட்டு இவரும் மனுப் போட்டாரு. அதையும் நான்தான் எழுதுனேன். நாதியற்ற, திக்கற்ற ஏழை விவசாயியாகிய நான்னு. சந்தோசமாக் கையெழுத்துப் போட்டாரு. அப்ப இவரு பிள்ளைக மூணையும் யாரு வீட்டுல கொண்டு விடுறது? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நீ சிரிக்கவில்லை.

"இவளுக்கு நாதி இல்லன்னு எழுதுனது என் தப்பு. நான் ஒருத்தி இருக்கேன்ல."

பிள்ளை தாயிடம்தான் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்ததும் நீ மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாய். "என் கையாலயே உன் பிள்ளையத் தூக்கிக் குடுக்கப் பாத்தேனேடி" என்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகும் மனுக்களில் திக்கற்ற, நாதியற்ற எல்லாம் எழுதத்தான் செய்தாய். ஆபீசுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் "இவரை அறிந்தவள்" என்று எழுதி உன் பெயரையும் விலாசத்தையும் போட்டாய். கேட்டதற்கு, "திக்கத்தவன்னு எழுதுனா திக்கு எங்க இருக்குன்னும் எழுதிப்புடணும்டி" என்றாய்.

எனக்குத் தையல் வகுப்பில் இடம் கிடைத்தது. என் மகள் என்னிடமே வளர்ந்தாள். இன்று அவளுக்கே தலை நரைத்துவிட்டது. உனக்கு நன்றி என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் நீ திட்டுவாய் என்று பயம். இப்போது திட்ட நீ இல்லை; சொல்லிவிடுகிறேன். நன்றி அக்கா.

அந்தப் பெண்ணின் தாளில் "ஆதரவற்ற" என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதைக் கோடு போட்டு அடிக்க முடியாது. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு, "இவரை அறிந்தவள்" என்று எழுதி என் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டேன்.

"இதுக்கு இடமே விடலையே பாட்டி?" என்றாள்.

எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கேதான் எழுதினேன்.