நகப்பூச்சுப் பூசிய பச்சைக் கார்

6 ஒக்ரோபர் 2007, சனி. எசன், ஜேர்மனி.

மழை. விடியற்காலையிலிருந்து ஒரே பிடி. வாங்க வேண்டியவை: குளியலறைக் குழாய்க்கு ரப்பர் வளையம், வெள்ளைப் பெயின்ற், அபிக்குக் கலர் பென்சில் (கட்டாயம், இரண்டு தடவை அழுதுவிட்டாள்).

பென்சில் மட்டும் வாங்கினேன். மற்றது எல்லாம் மறந்துபோயிற்று.

பச்சையைக் கண்டேன்!!

கடையின் கார்த் தரிப்பிடம், மூன்றாவது வரிசை, தள்ளுவண்டி அடுக்கும் கூரைக்குப் பக்கத்தில். முதலில் நிறம்தான் கண்ணில் பட்டது. அந்தப் பச்சையில் இப்போது யாரும் கார் செய்வதில்லை. சும்மா பார்க்கலாம் என்று கிட்டப் போனேன். இடது பின் மூலையில் பிறை வடிவ நெளிவு. அதன் மேல் ஒரு விரல் நீளத்துக்கு வேறு பச்சை. அது பெயின்ற் இல்லை, நகப்பூச்சு. 2001இல் நானே பூசியது. விற்ற பெண் என் விரல்களைப் பார்த்து, “இந்த நிறம் உங்களுக்குப் பொருந்தாது” என்றாள். காருக்கு என்று சொல்ல டொச் மொழி வரவில்லை. தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன்.

இலக்கத்தகடு வேறு. இருந்தாலும் அந்த நகப்பூச்சு உலகத்தில் வேறு எந்தக் காரில் இருக்கும்?

அபி குடையோடு நின்று: “அம்மா, ஏன் ஆரின்டையோ காரைத் தடவுறீங்கள்?”

“ஆரின்டையோ இல்லை. என்ர.”

பென்சில் வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில், புதுச் சிவப்புப் பென்சிலால் எழுதினேன்: இது என்னுடைய கார், உடனே தொலைபேசி எடுங்கள். அபி வாசித்துவிட்டு, “இப்பிடி எழுதினா பொலிசுக்குத்தான் எடுப்பினம்” என்றாள். பறித்துத் தானே எழுதினாள்: “உங்கள் கார் முன்பு என் அம்மாவுடையது. அம்மா இன்னும் அதை மறக்கவில்லை. தயவுசெய்து அழையுங்கள்.” கீழே எங்கள் தொலைபேசி இலக்கம். எட்டு வயது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. பொலித்தீனில் சுற்றி வைப்பருக்கு அடியில் வைத்தோம். இருபது நிமிடம் நின்றோம். யாரும் வரவில்லை. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “ஒரு பழைய காருக்கு ஏனப்பா இப்பிடித் துள்ளுறீர்?” துள்ளத்தான் துள்ளினேன். சொக்ஸ் ஈரம், கழற்றக்கூட இல்லை.

7 ஞாயிறு

வெயில், குளிர். தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன், வேலை செய்கிறதா என்று. செய்கிறது.

ஏன் இவ்வளவு பரபரப்பு? எழுதிப் பார்க்கிறேன்.

98இல் லைசென்ஸ், மூன்றாவது முயற்சியில். அடுத்த மாதம் பச்சை. அதற்கு முன்: விடிய 4.50 பஸ், ஒரு மாற்றம், பனியில் கால்மணி நடை, ஆறு மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை. பச்சை வந்த பிறகு: ஐந்தரைக்கும் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். இரண்டு கதவு. கூரை யன்னலைக் கையால் சுற்றித் திறக்க வேண்டும். றேடியோ பிறந்ததிலிருந்தே ஊமை. அதனால் நானே பாடுவேன்.

99 ஏப்ரல், மத்தியானம். பிரசவ நோ தொடங்கியபோது இவர் வேலைத்தலத்தில், தொடர்பு கிடைக்கவில்லை. அம்புலன்சுக்காரருக்கு டொச் தேடுவதைவிடக் கார் ஓட்டுவது சுலபமாகத் தோன்றியது. ஏழு சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் ஸ்ரேரிங்கைக் கடிக்காத குறை. ஆஸ்பத்திரியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நேர்த்தியாக நிறுத்தினேன், பரீட்சையில்கூட அப்படி நிறுத்தியதில்லை. ஐம்பது நிமிடத்தில் அபி.

2003இல் வெள்ளிநிறப் பெரிய கார். ஐந்து கதவு, குளிரூட்டி. நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் வேலைக்குக் கொண்டுபோகிறார். நான் மறுபடி 4.50 பஸ். பச்சையை விற்பது இருவரும் பேசி எடுத்த முடிவுதான். ஆனால் அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரியாது. வேலையால் வந்து பார்த்தேன், அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.

அதற்குப் பிறகு எத்தனை காரில் ஏறியிருப்பேன். எதையும் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

8 திங்கள்

வேலை. உருளைக்கிழங்கு சூப். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது பாவம் என்று விட்டார்கள். தொலைபேசி இல்லை.

9 செவ்வாய்

எடுத்துவிட்டாள்! பின்னேரம் ஐந்து இருபது. ஃப்ரௌ (திருமதி) லேமன் என்று பெயர். தடித்த குரல்.

“சிவப்புப் பென்சில் கடிதம் எழுதியது நீங்களா?”

“என் மகள்.”

பெரிதாகச் சிரித்தாள். நல்ல நேரத்தில் எழுதினீர்கள், வெள்ளிக்கிழமை ஆள் வந்து கொண்டுபோகிறான் என்றாள். எதற்கு என்று கேட்டேன். சொன்ன சொல் எனக்கு விளங்கவில்லை. அபியிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு,

“அம்மா, நசுக்கப் போகினமாம்.”

நாளைக்கே வாறன் என்று தமிழில் சொல்லிவிட்டேன். ஃப்ரௌ லேமனுக்கு எப்படியோ விளங்கியது. முகவரி தந்தாள்.

10 புதன்

காற்று. இலை எல்லாம் ரோட்டில். வேலை முடிந்து நேரே போனேன்.

ஃப்ரௌ லேமன் (இனி ஃப்.லே.): அறுபத்தைந்து இருக்கும். தபால் கொடுத்துத் திரிந்தவள், இப்போது ஓய்வு. கண் டொக்டர் இனி ஓட்டக் கூடாது என்றுவிட்டாராம். மாதக் கடைசியில் காரின் பரிசோதனைத் தவணையும் முடிகிறது. கராஜில் காட்டியிருக்கிறாள், கறள் (துரு) கூடிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். “யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.”

கதவைத் திறந்தேன். வாசம் மாறிவிட்டது. முன்பு மிளகாய்த்தூளும் குழந்தைப் பவுடரும். இப்போது நாய். இருக்கை என் முதுகை அறிந்து வைத்திருந்தது. திறப்பை அரைவாசி திருப்பி, இரண்டு எண்ணி, பிறகு முழுக்கத் திருப்பினேன். கை தானாகச் செய்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது! ஃப்.லே. வாயைப் பிளந்தாள். “அந்த வித்தையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போயிற்று.”

பிறகு எட்டி எதையோ அமத்தினாள். பாட்டு.

றேடியோ!! வேலை செய்கிறது! பின்னுக்கு ஒரு வயர் கழன்றிருந்ததாம், அவ்வளவுதானாம். ஐந்து வருடம் சும்மா தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன்.

அவள் அதைத் தவளை என்று கூப்பிடுகிறாள். முதலில் கொஞ்சம் எரிச்சல். பிறகு முன் லைட் இரண்டையும் பார்த்தேன். தவளைதான்.

காரை நான் எடுப்பதா இல்லையா என்று நாளைக்குப் பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

11 வியாழன்

சிவம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். கராஜில் இரும்பு ஒட்டுகிற வேலை, இருபது வருட அனுபவம். இவரும் வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. சிவம் அண்ணை மட்டையை விரித்துக் காருக்குக் கீழே போனார். சுத்தியலால் தட்டும் சத்தம். பொலபொலவென்று ஏதோ கொட்டும் சத்தம்.

“பிள்ளை, இது கார் இல்லை. அரிதட்டு, ஒரே ஓட்டை.”

இவர் என்னைப் பார்த்தார். நான் சிவம் அண்ணையின் கால்களைப் பார்த்தேன்.

“ஆனா ஓரம்தான் போச்சு. சட்டம் நல்ல சட்டம். ரெண்டு பக்கமும் வெட்டி, புதுத்தகடு வைச்சு ஒட்டலாம். பாஸ் பண்ணும் எண்டுதான் நினைக்கிறன். பண்ணாட்டி என்னைப் பேசக்கூடாது.”

பஸ்ஸில் அல்ல, வெள்ளிக் காரில்தான் வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்கச் சண்டை.

இவர்: “எங்க விடுறது? ரெண்டு காருக்கு ஆர் வரி கட்டுறது? நடுறோட்டில நிண்டா? அதில அபியை ஏத்த நான் விடன்.”

கடைசியாகச் சொன்னது நியாயம். அதற்குச் சொன்னேன்: “பரிசோதனையில பாஸ் பண்ணினாத்தான் ஏத்துவன். இல்லாட்டி நானே நசுக்கக் குடுக்கிறன்.”

“உமக்கு ஏனப்பா இன்னொரு கார்?”

“நாலு வருசமா 4.50 பஸ்ஸுக்கு நிக்கிறன். குளிருதோ எண்டு ஒருநாள் கேட்டனீங்களோ?”

அவர் ஹீற்றரைக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே ஃப்.லே.க்கு எடுத்தேன். காரை எடுக்கிறேன் என்றேன். “கடவுளுக்கு நன்றி” என்றாள்.

12 வெள்ளி

வேலையில் மத்தியானம் வரை லீவு கேட்டேன். காரணம் கேட்டார்கள். “குடும்ப விசயம்.” பொய் இல்லை.

நான் ஒன்பதுக்கு வருவதாகப் பேச்சு. பஸ்ஸால் இறங்கித் தெருமுனை திரும்பினால், ஃப்.லே. வீட்டு வாசலில் கிரேன் வைத்த லொறி! பச்சையின் முன் சில்லு இரண்டும் ஏற்கெனவே நிலத்தில் இல்லை. ஓடினேன். முப்பத்தெட்டு வயது, குதிக்கால் சப்பாத்து, கையில் ஃப்.லே.க்கு என்று சுட்ட கறிபண் பெட்டி. அப்படி ஓடியது பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப்போட்டிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஃப்.லே. நேற்றே தொலைபேசி எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த மனிதனுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவள் மாடியிலிருந்து இறங்கிவர முதல் கொழுவிவிட்டான். நான் முன்னுக்குப் போய் நின்றேன்.

“இது யாருடைய கார்?” என்றான்.

“என்னுடையது” என்று நானும் ஃப்.லே.யும் ஒரே நேரத்தில்.

அவன் இருவரையும் பார்த்தான். மெதுவாக இறக்கினான். போகும்போது கூரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். ஒரு கறிபண் கொடுத்தனுப்பினேன்.

ஒப்பந்தம் சமையலறை மேசையில். விலை என்ற இடத்தில் ஏதாவது எழுத வேண்டுமே என்று ஒரு யூரோ எழுதினாள். வாயால் ஒரு நிபந்தனை: அவளுடைய தோட்டத்துப் பூசணிக்காய்களை வீட்டுக்கு ஏற்றிவர ஒருநாள் ஓட வேண்டும். ஓம், ஓம், ஓம்.

மெதுவாக ஓட்டிவந்தேன். கூரை யன்னல் திறந்து. எட்டுப் பாகை குளிர், பரவாயில்லை.

பின்னேரம் இவர் வேலையால் வந்து கீழேயே நின்றார். யன்னலால் பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சில்லை உதைத்தார். பிறகு சட்டைப்பைக்குள் இருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பச்சையின் மாற்றுத் திறப்பு.

“விக்கேக்க குடுக்க மறந்துபோனன்.”

“நாலு வருசமாவோ?”

“சவரப் பெட்டிக்குள்ள கிடந்தது.”

ஒவ்வொரு நாளும் திறக்கிற பெட்டி. வாங்கி மற்றத் திறப்போடு கோத்தேன். சாப்பிடும்போது, “அண்டைக்கு உம்மையும் பக்கத்தில நிக்கவைச்சுக் காரை வித்திருக்கலாம்” என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

16 செவ்வாய்

சிவம் அண்ணையின் கராஜில் பச்சை. இரண்டு ஓரமும் வெட்டி எடுத்தாயிற்று. “ஒப்பரேசன் நேரம் சொந்தக்காரர் உள்ள நிக்கக்கூடாது” என்று துரத்திவிட்டார். நேரம் எடுத்தாயிற்று: பரிசோதனை வியாழன் 10.30, பதிவு அலுவலகம் அன்றே 2.15. பாஸ் பண்ணாவிட்டால் இரண்டாவது தேவையில்லை. நினைக்க வேண்டாம்.

18 வியாழன்

9.40: கராஜ். தகடு ஒட்டி, கறுப்புப் பூச்சும் அடித்தாயிற்று. சிவம் அண்ணை புதுச் சேட்டு.

10.30: பரிசோதகர் இளம் ஆள், கண்ணாடி, சிரிப்பே இல்லை. பிரேக். லைட். ஹோர்ன். புகை. பிறகு காரை உயர்த்திக் கீழே நின்று சின்னச் சுத்தியலால் டொக், டொக். ஒவ்வொரு டொக்குக்கும் சிவம் அண்ணையின் தோள் குலுங்கியது. ஒட்டிய இடத்தில் விரலால் தடவினான். திரும்பவும் தடவினான். “இது யார் செய்தது?”

சிவம் அண்ணை பரீட்சை எழுதிய பிள்ளைபோல் கை தூக்கினார்.

“சுத்தமான வேலை.”

பிறகு பின் மூலையில் குனிந்தான். “இந்த நிறம் என்ன?”

“நகப்பூச்சு” என்றேன். அப்போதுதான் சிரித்தான்.

10.55: பாஸ்! இரண்டு வருடம்! தகட்டில் வட்ட ஸ்ரிக்கர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவம் அண்ணை வெளியே போய் சிகரெட்டைப் பற்றவைத்தார், மூன்று குச்சி போயிற்று. “நான் சொன்னனான்தானே” என்றார். சொன்னார்தான். பாஸ் பண்ணாட்டிப் பேசக்கூடாது என்றும் சொன்னார்.

2.15: பதிவு. புது இலக்கம். என் பெயரில். உரிமையாளர் என்ற இடத்தை அபிக்கு வாசித்துக் காட்டினேன்.

19 வெள்ளி

ஐந்து மணிக்குத் தேத்தண்ணி, வீட்டில், இருந்துகொண்டு! 5.35க்குப் புறப்பட்டேன். இரண்டாவது சந்தியில் ஒரு பஸ்ஸை முந்தினேன். உள்ளே யன்னலோடு தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். முந்தாநாள் காலை வரை என்னுடைய முகமும் அதில் ஒன்று.

றேடியோ போட்டேன். கொஞ்சத் தூரம் கேட்டேன். நிற்பாட்டிவிட்டு நானே பாடினேன்.

20 சனி

வெளிச்சமான காலை, பாசிபோல் மெல்லிய பனி. ஃப்.லே.யை ஒன்பதரைக்கு ஏற்ற வேண்டும். பூசணிக்காய் எத்தனை என்று கேட்டதற்கு, “நிறைய” என்றாள். எடுத்துப்போக: பழைய போர்வை, கயிறு, கையுறை, சாப்பிட றோல்ஸ், தேத்தண்ணிப் போத்தல். நாய்க்கு ஏதாவது. நாயும் வருகிறதாம்.

அபி பின் இருக்கையில் எங்கே இருப்பது என்று மூன்று தடவை மாற்றிவிட்டாள். இவர் வரவில்லை என்றுதான் நேற்றுச் சொன்னார். இப்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தோட்டம் பார்க்க வேண்டுமாம். இந்த மனிதர் எங்கள் பல்கனிச் செடிக்கே தண்ணி ஊற்றியதில்லை. திரும்பி வரும்போது பூசணிக்காயை மடியில் வைத்திருக்க வேண்டும் என்றேன். சரியாம். அபியோடு இறங்கிப் போய்விட்டார்.

கீழே ஹோர்ன் அடிக்கிறது. பச்சையின் ஹோர்ன். பின் இருக்கையிலிருந்து அபிக்கு அந்த இடத்துக்குக் கை எட்டாது. அப்படியென்றால் இவர்தான் ஸ்ரேரிங்குக்கு முன்னால் இருக்கிறார். அவரை இறக்கி நான் ஏற வேண்டும். போறன்.